இயந்திர மொழியிலிருந்து உயர்நிலை மொழிகள் வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிரலாக்கம் படிக்கத் தொடங்குபவர்களும், "முதல் தலைமுறை, இரண்டாம் தலைமுறை" என்று தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு அதற்குமேல் தெரிந்துகொள்ள விரும்புபவர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். என்னைப் பொறுத்தவரை, மொழிகளின் பெயர்ப்பட்டியலைவிட முக்கியமானது மொழிமாற்றும் நிரல்களின் கதை. எழுத்துக் குறியீடுகளை எண்களாக்கும் அசெம்பிளர், மனிதர் எழுதும் பாணிக்கு நெருக்கமான உயர்நிலை மொழி நிரலை முழுதாக இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர், அதைப் படிக்கப் படிக்க அப்போதே செயல்படுத்தும் இன்டர்பிரட்டர் எல்லாம் நம்பத்தக்கவை ஆன பிறகுதான் மனிதர்கள் எண்களை விட்டு மேலே ஏற முடிந்தது. அதனால் பதில்கள் அந்தப் பக்கமே அதிகம் சாயும்.

இயந்திர மொழி என்றால் சரியாக என்ன?

பிராசசர் நேரடியாக எடுத்து நிறைவேற்றும் எண்களின் வரிசை. அவ்வளவுதான். இன்டெல் வகை பிராசசர் ஒன்றில் 5-ஐயும் 3-ஐயும் கூட்ட வேண்டும் என்று வையுங்கள். நினைவகத்தில் இருக்க வேண்டிய பைட்டுகள் இவை:

184 5 0 0 0
5 3 0 0 0

முதல் வரியில் 184 என்பது "அடுத்து வரும் எண்ணை ஈஏஎக்ஸ் என்ற ரெஜிஸ்டரில் (பிராசசருக்குள் இருக்கும் சிறு நினைவிடம்) போடு" என்ற கட்டளை. அந்த எண் 5. இரண்டாம் வரியின் தொடக்கத்திலும் 5 வருகிறது, ஆனால் அங்கே அது எண் அல்ல, "ஈஏஎக்ஸுடன் கூட்டு" என்ற கட்டளை. ஒரே 5, நிற்கும் இடத்தைப் பொறுத்துப் பொருள் மாறுகிறது. 184-க்குப் பதில் தவறுதலாக 185 என்று எழுதிவிட்டால் 5 வேறொரு ரெஜிஸ்டருக்குப் போய்விடும். பிராசசர் எந்தப் புகாரும் சொல்லாது, தவறான விடையைத் தரும். இயந்திர மொழி கடினம் என்று சொல்வதற்கு உண்மையான காரணம் இதுதான். 0, 1 என்று எழுதுவது கடினம் என்பது சின்ன விஷயம், பதின்ம எண்ணிலோ பதினாறின் அடிமானத்திலோ எழுதிக்கொள்ளலாம். எழுதியது தவறு என்று சொல்ல யாருமே இல்லை என்பதுதான் பெரிய சிக்கல்.

முதல் கம்ப்யூட்டர்களில் நிரலை எப்படி ஏற்றினார்கள்?

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உருவாகி 1946-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட எனியாக்கில் நிரல் என்பது கேபிள் இணைப்புகளும் சுவிட்சுகளும்தான். கே மெக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான் பிலாஸ், ரூத் லிக்டர்மன் ஆகிய ஆறு பெண்கள் வரைபடங்களைப் படித்தே அந்த இயந்திரத்தைப் புரிந்துகொண்டு, பீரங்கிக் குண்டு பாயும் பாதையைக் கணக்கிட அதை அமைத்தார்கள். வேறு கணக்கு போட வேண்டுமென்றால் கேபிள்களை மறுபடி மாற்றிச் செருக வேண்டும். அதற்கு நாட்கணக்கில் ஆகும்.

நிரலையும் எண்களையும் ஒரே நினைவகத்தில் வைத்து ஓட்டிய முதல் இயந்திரம் மான்செஸ்டரில் உருவான "பேபி". 1948 ஜூன் 21 அன்று அதில் டாம் கில்பர்ன் எழுதிய 17 கட்டளை கொண்ட நிரல் ஓடியது. 2-இன் 18-ஆம் அடுக்கான 262144-க்குத் தன்னைத் தவிர்த்த மிகப்பெரிய வகுஎண் எது என்று அது தேடியது. விடை 131072 என்று வர 52 நிமிடம் ஆனது. ஒவ்வொரு பிட்டையும் சுவிட்சால் கையாலேயே ஏற்றினார்கள்.

நிரலும் நினைவகத்தில் இருக்கும் எண்கள்தான் என்று ஆகிவிட்ட பிறகு, எண்களை உருவாக்கும் நிரல் ஒன்று இன்னொரு நிரலை உருவாக்கலாம். இந்தப் பக்கத்தில் அடுத்து வரும் எல்லாமே இங்கிருந்து கிளைத்தவை.

அசெம்பிளி மொழி யார் கண்டுபிடித்தது?

எண்களுக்குப் பதில் எழுத்துக் குறியீடுகளில் கட்டளை எழுதும் இந்த மொழிக்கு ஒருவரைக் காட்ட முடியாது. லண்டன் பர்க்பெக் கல்லூரியில் கேத்லீன் பூத் 1947-இலேயே கட்டளைகளுக்குக் குறியீட்டு முறை ஒன்றை வகுத்திருந்தார். நடைமுறையில் முழுதாக வேலை செய்ததாகப் பலரும் குறிப்பிடுவது கேம்பிரிட்ஜின் எட்சாக்கை. 1949 மே 6 அன்று ஓடத் தொடங்கிய அந்த இயந்திரத்தில், டேவிட் வீலர் 31 கட்டளைகளுக்குள் ஒரு தொடக்க நிரலை எழுதி வைத்தார். காகித நாடாவில் ஒரு கட்டளைக்கு ஓர் எழுத்தும், முகவரியைச் சாதாரணப் பதின்ம எண்ணிலும் துளையிட்டால் போதும். கூட்டலுக்கு ஏ, கழித்தலுக்கு எஸ். அவற்றை இருமமாக மாற்றி நினைவகத்தில் வைக்கும் வேலையை அந்த 31 கட்டளைகள் பார்த்துக்கொண்டன.

31 கட்டளைக்குள் ஒரு மொழிமாற்றியா என்று இப்போது நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்கவில்லை.

கட்டளைக்கு எழுத்து கிடைத்ததால் மட்டும் அவ்வளவு பெரிய மாற்றம் வந்துவிட்டதா?

இல்லை. பெரிய நன்மை முகவரிகளில் கிடைத்தது. இயந்திர மொழியில் "25-ஆம் இடத்துக்குத் தாவு" என்று எழுதியிருக்கிறீர்கள். 10-ஆம் இடத்தில் ஒரு கட்டளையை மறந்துவிட்டது தெரிகிறது. அதை நுழைத்தால் பின்னால் உள்ள எல்லாம் ஓர் இடம் நகரும், 25 இப்போது 26. நிரல் முழுக்கத் தேடி ஒவ்வொரு தாவலையும் திருத்த வேண்டும். ஒன்றை விட்டாலும் போச்சு. இதைத் தவிர்க்க நிரலர்கள் நடுநடுவே வெற்றிடம் விட்டு எழுதினார்கள், அல்லது புதிய கட்டளைகளை நிரலின் கடைசியில் எழுதிவிட்டு அங்கே போய்த் திரும்பி வரும்படி ஒட்டுப்போட்டார்கள்.

எட்சாக்கில் வீலர் அதே ஆண்டு எழுதிய இரண்டாவது தொடக்க நிரல், துணைநிரல் (தனியாக எழுதி, தேவைப்படும் இடத்தில் அழைக்கும் சிறு நிரல்) ஒன்றை நினைவகத்தில் எங்கே வைத்தாலும் அதற்கேற்ப முகவரிகளைத் தானே சரிசெய்தது. அதனால் ஒருவர் எழுதிய வர்க்கமூலத் துணைநிரலை இன்னொருவர் நாடாவில் சேர்த்துப் பயன்படுத்த முடிந்தது. துணைநிரல் நூலகம் என்ற பழக்கம் அங்கேதான் வேர்பிடித்தது. பிற்பாடு வந்த அசெம்பிளர்களில் இடத்துக்கே பெயர் வைக்கலாம். "தொடக்கம்" என்ற இடத்துக்குத் தாவு என்றால், அது 25-ஆ 26-ஆ என்பது அசெம்பிளரின் பொறுப்பு.

அசெம்பிளி உயர்நிலை மொழி ஆகாதா?

ஆகாது. அதில் பெரும்பாலும் ஒரு வரிக்கு ஒரு இயந்திரக் கட்டளைதான். எந்த ரெஜிஸ்டரில் எதை வைப்பது என்று நீங்களே முடிவு செய்ய வேண்டும், வேறு வகை பிராசசருக்குப் போனால் எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டும்.

முதல் உயர்நிலை மொழி ஃபோர்ட்ரான்தானே?

பரவலாகப் பயன்பட்ட முதல் மொழி என்றால் ஆம். வரிசையில் முதல் என்றால் இல்லை. ஜெர்மனியில் கான்ராட் சூசே போர்க்காலத்திலேயே, 1945-க்குள், பிளான்கால்கியூல் என்ற மொழியைத் தாளில் வடிவமைத்துவிட்டார். அது முழுமையாக அச்சேறியது 1972-இல்தான், அதனால் யாருக்கும் வழிகாட்ட முடியவில்லை. மான்செஸ்டரில் ஆலிக் கிளென்னி 1952-இல் ஆட்டோகோட் செய்தார். எம்.ஐ.டி-யின் வேர்ல்விண்ட் இயந்திரத்தில் லேனிங், சியர்லர் இருவரும் 1954 வாக்கில் இயற்கணிதச் சமன்பாடுகளை அப்படியே எழுதி ஓட்டிக் காட்டினார்கள்.

யூனிவாக் இயந்திரத்துக்கு கிரேஸ் ஹாப்பர் 1951-52-இல் எழுதிய ஏ-0 பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். கம்பைலர் என்ற பெயரைப் பரப்பியது அதுதான். ஆனால் இன்றைய கணக்கில் பார்த்தால் அது, எண்ணிட்ட துணைநிரல்களை நாடாவிலிருந்து தேடி எடுத்து ஒன்றாகக் கோத்துத் தரும் நிரல், அதாவது லிங்கருக்கு நெருக்கமானது. ஹாப்பரின் பெரிய பங்களிப்பு அதற்கு அடுத்து வந்தது. அதைக் கோபோல் கேள்வியில் பார்ப்போம்.

உயர்நிலை மொழியை அன்றைய நிரலர்கள் ஏன் எதிர்த்தார்கள்?

வீம்பு என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அது அவர்களுக்கு அநியாயம். அவர்கள் பார்த்த "தானியங்கி நிரலாக்க" முறைகள் எல்லாம் நிரலைப் பல மடங்கு மெதுவாக்கின. கம்ப்யூட்டர் நேரமோ தங்க விலை. தன் கையால் ஒவ்வொரு கட்டளையையும் செதுக்கிய ஒருவர் அதைப் பார்த்து "இது வேலைக்கு ஆகாது" என்று சொன்னதில் தவறில்லை.

இதில் பலர் கவனிக்காத நுட்பம் ஒன்று உண்டு. ஆரம்ப இயந்திரங்களில் தசமப்புள்ளி மிதக்கும் எண்களைக் கூட்டவோ பெருக்கவோ வன்பொருளில் வசதி கிடையாது, துணைநிரல்தான் செய்யும். பெரும்பகுதி நேரம் அந்தத் துணைநிரலிலேயே கழிந்ததால், மேலே ஒரு மெதுவான இன்டர்பிரட்டர் உட்கார்ந்திருந்தாலும் அதன் சுமை பெரிதாகத் தெரியவில்லை. ஐபிஎம் 704 அந்தக் கணக்கை வன்பொருளுக்கே கொண்டுபோனது, வரிசைப்பட்டியல்களைக் கையாள மூன்று இண்டெக்ஸ் ரெஜிஸ்டர்களையும் தந்தது. இனி மறைந்துகொள்ள இடமில்லை. மொழிமாற்றி வீணாக்கும் ஒவ்வொரு கட்டளையும் கண்ணுக்குத் தெரியும். 704-க்கு ஓர் உயர்நிலை மொழி என்றால், அதன் கம்பைலர் கைதேர்ந்த நிரலரோடு போட்டியிட்டே ஆக வேண்டும்.

ஃபோர்ட்ரான் அப்படி என்ன சாதித்தது?

அந்தப் போட்டியில் நின்று காட்டியது. 1953-இன் இறுதியில் ஐபிஎம்மில் ஜான் பேக்கஸ் தன் மேலதிகாரி கத்பர்ட் ஹர்டுக்கு ஒரு முன்மொழிவு எழுதினார். அவருடைய வாதம் பணக் கணக்கு: ஒரு கம்ப்யூட்டர் மையத்தில் நிரலர்களுக்கு ஆகும் செலவு, கம்ப்யூட்டருக்கு ஆகும் செலவுக்குக் குறையாமல் இருந்தது. கம்ப்யூட்டர் நேரத்திலும் கால் பங்கு முதல் பாதி வரை பிழைகளைக் கண்டுபிடிப்பதிலேயே போனது. மொத்தச் செலவில் முக்கால் பங்குவரை நிரல் எழுதவும் திருத்தவும் போகிறது என்றால், அதைக் குறைப்பதற்கு ஒரு குழுவை உட்காரவைப்பது லாபம்தான்.

ஆறு மாதத்தில் முடிந்துவிடும் என்று அவர்கள் ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 1957 ஏப்ரலில்தான் வெளியானது, சுமார் 18 ஆள்-ஆண்டு உழைப்பு. அத்தனை காலம் மொழியை வடிவமைக்க ஆகவில்லை. மொழியை அவர்கள் போகிற போக்கில் வகுத்ததாக பேக்கஸே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கம்பைலர் வெளியிடும் இயந்திரக் கட்டளைகளைத் தரமாக்குவதற்குத்தான் காலம் போனது. நிரலின் எந்தப் பகுதி அதிக முறை ஓடும் என்று கண்டுபிடிக்க, லோயிஸ் ஹைப்ட் எழுதிய பகுதி நிரலை ஒரு விதத்தில் பாவனையாக ஓட்டிப் பார்த்தது. அந்தத் தகவலை வைத்து, இருக்கும் மூன்று இண்டெக்ஸ் ரெஜிஸ்டர்களை எங்கே பயன்படுத்தினால் லாபம் என்று ஷெல்டன் பெஸ்ட்டின் பகுதி முடிவு செய்தது. சில சமயம் வெளிவந்த கட்டளைகளைப் பார்த்து, கம்பைலர் எப்படி இந்த முடிவுக்கு வந்தது என்று எழுதியவர்களே ஆராய்ந்து பார்க்க வேண்டியிருந்தது.

கம்பைலரைப் படிக்கும் யாருக்கும் நான் முதலில் சொல்லும் வரலாறு இதுதான். உலகின் முதல் பெரிய கம்பைலரிலேயே ஆப்டிமைசேஷன், அதாவது வெளிவரும் கட்டளைகளை வேகமாக ஓடும்படி செப்பனிடுவது, நடுநாயகமாக இருந்தது.

அடுத்த ஆண்டே 26 மையங்களில் கேட்டபோது, பாதிக்கு மேற்பட்டவை தங்கள் வேலையில் பாதிக்கு மேல் ஃபோர்ட்ரானில் செய்வதாகச் சொன்னார்கள். எதிர்ப்பு வாதத்தால் அடங்கவில்லை, வேகத்தைக் கண்டு அடங்கியது.

பழைய ஃபோர்ட்ரானில் ஆறு எழுத்துக்கு மேல் பெயர் வைக்க முடியாதாமே, ஏன்?

704-இன் ஒரு சொல் (நினைவகத்திலிருந்து ஒரே தடவையில் எடுக்கும் அலகு) 36 பிட். ஓர் எழுத்துக்கு 6 பிட். ஆறு எழுத்து வைத்தால் ஒரு சொல்லில் சரியாக அடங்கும், ஒப்பிடுவதும் சுலபம். அதேபோல் 80 நெடுவரிசை கொண்ட துளை அட்டையில் 72 வரைதான் நிரல் எழுதலாம். காரணம், 704-இன் அட்டை வாசிப்பான் 72 நெடுவரிசையைத்தான் படித்தது. வன்பொருளின் இந்த அளவுகள் மொழி விதிகளாக மாறி, அந்த இயந்திரம் அருங்காட்சியகத்துக்குப் போன பிறகும் பல பத்தாண்டுகள் நீடித்தன.

ஃபோர்ட்ரான் இருக்கும்போது கோபோல் எதற்கு?

பொறியாளருக்குச் சமன்பாடு வேண்டும், சம்பளப் பட்டியல் போடுபவருக்குக் கோப்புகளும் காசுக் கணக்கும் வேண்டும். 0.1 என்ற பின்னத்தை இருமத்தில் துல்லியமாக எழுத முடியாது. வங்கிக் கணக்கில் அந்தச் சின்னப் பிசகு கோடிக்கணக்கான வரவு செலவில் சேர்ந்துகொண்டே போகும். கோபோல் பதின்ம எண்களை இத்தனை இலக்கம், இத்தனை தசம இடம் என்று சொல்லியே கையாளுகிறது.

இரண்டாவது காரணம், கம்பெனிக்கு ஒரு மொழி என்ற நிலை. அரசு பல நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களை வாங்கி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நிரல் எழுதிக்கொண்டிருந்தது. 1959 மே மாதம் பென்டகனில் நடந்த கூட்டத்தில் பொது மொழி ஒன்றுக்கு முடிவானது. அதற்கு முக்கிய அடிப்படையாக இருந்தது ஹாப்பரின் குழு உருவாக்கிய ஃப்ளோ-மேட்டிக், ஆங்கில வாக்கியம் போலவே எழுதும் மொழி. 1960 டிசம்பரில் ஆர்சிஏ 501, யூனிவாக் 2 என்ற முற்றிலும் வேறுபட்ட இரண்டு இயந்திரங்களில் ஏறத்தாழ ஒரே கோபோல் நிரலை ஓட்டிக் காட்டினார்கள். இன்று இது சாதாரணமாகத் தோன்றலாம். அன்றைக்கு, இயந்திரம் மாறினாலும் நிரல் பிழைக்கும் என்பதற்குக் கிடைத்த முதல் பெரிய சாட்சி அது.

கோபோலைக் கேலி செய்யும் வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. 2020 ஏப்ரலில் வேலையின்மை உதவி விண்ணப்பங்கள் குவிந்தபோது, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில ஆளுநர் கோபோல் தெரிந்தவர்கள் உதவிக்கு வரவேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். அத்தனை காலம் அந்த நிரல்கள் வேலை செய்திருக்கின்றன.

லிஸ்ப், அல்கோல் பற்றி ஏன் எல்லோரும் உயர்வாகப் பேசுகிறார்கள்?

இன்று நாம் இயல்பாக எடுத்துக்கொள்ளும் பல விஷயங்கள் அங்கிருந்து வந்தவை. ஜான் மெக்கார்த்தி 1958-இல் எம்.ஐ.டி-யில் தொடங்கிய லிஸ்ப்பில், பயன்படாத நினைவகத்தைத் தானே மீட்டெடுக்கும் கார்பேஜ் கலெக்‌ஷன் வந்தது. மொழியின் பொருளை விளக்க மெக்கார்த்தி தாளில் எழுதிய "எவால்" என்ற சார்பை, ஸ்டீவ் ரஸ்ஸல் 704-இன் கட்டளைகளில் எழுதி ஓடவைத்துவிட்டார். கோட்பாட்டு விளக்கமே இன்டர்பிரட்டர் ஆனது!

1960 ஜனவரியில் பாரிஸில் 13 பேர் கூடி முடிவு செய்த அல்கோல் 60, தொகுதிகளுக்குள் தொகுதி, தன்னையே அழைக்கும் செயல்முறை ஆகியவற்றைத் தந்தது. மொழியின் இலக்கணத்தைக் கறாராக எழுதும் பேக்கஸ்-நார் வடிவமும் அதன் அறிக்கையில்தான் புகழ்பெற்றது. பாஸ்கல், சி, ஜாவா என்று பின்னால் வந்தவற்றின் தோற்றத்தில் அல்கோலின் சாயல் இருக்கிறது.

சி மொழியை ஏன் "நடுநிலை மொழி" என்கிறார்கள்?

உயர்நிலை மொழியாக இருந்தும், அசெம்பிளி போல நினைவக முகவரியை நேரடியாகத் தொடவிடுவதால். பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனின் பி மொழியிலிருந்து டென்னிஸ் ரிச்சி 1972 வாக்கில் சி-யை உருவாக்கினார். பி-யில் எல்லாமே ஒரே அளவுச் சொல். புதிதாக வந்த பிடிபி-11 இயந்திரமோ பைட் பைட்டாக முகவரியிட்டது. எழுத்து, முழு எண் என்று வகை பிரிக்க வேண்டிய தேவை அங்கே வந்தது. 1973-இல் யுனிக்ஸின் கருவையே சி-யில் திரும்ப எழுதினார்கள். ஆபரேட்டிங் சிஸ்டம் என்றாலே அசெம்பிளிதான் என்று பெரும்பாலோர் நம்பிய காலம் அது. சில ஆண்டுகளில் யுனிக்ஸ் வேறு இயந்திரங்களுக்கும் போனது.

முதல் கம்பைலரை எந்த மொழியில் எழுதினார்கள்? கம்பைலரை எழுத கம்பைலர் வேண்டாமா?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி. ஃபோர்ட்ரானின் முதல் கம்பைலரை 704-இன் அசெம்பிளியில் எழுதினார்கள். அசெம்பிளர் அதற்கு முன்பே இருந்தது, ஆரம்ப அசெம்பிளர்களைக் கையாலேயே எண்களாக மாற்றியிருந்தார்கள். கீழே போகப் போகக் கடைசியில் ஒரு மனிதர் சுவிட்சைத் தட்டும் இடத்துக்கு வந்துவிடுவோம்.

ஒருமுறை மேலே ஏறிவிட்டால் ஏணியை எடுத்துவிடலாம். முதலில் மொழியின் சிறு பகுதிக்கு மட்டும் ஒரு கம்பைலர். அதைக் கொண்டு அதே மொழியில் எழுதிய முழுக் கம்பைலரை மொழிமாற்றலாம். அப்புறம் அந்தக் கம்பைலர் தன் அடுத்த பதிப்பைத் தானே மொழிமாற்றிக்கொள்ளும். 1962-இல் எம்.ஐ.டி-யில் டிம் ஹார்ட், மைக் லெவின் இருவரும் லிஸ்ப் கம்பைலரை லிஸ்ப்பிலேயே எழுதினார்கள். இன்றைய சி, கோ, ரஸ்ட் கம்பைலர்களும் இப்படித்தான்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. கென் தாம்சன் டூரிங் விருது உரையில் அதைச் சொன்னார், 1984-இல் அது அச்சில் வந்தது. கம்பைலருக்குள் ஒரு திருட்டுவழியை வைத்து, கம்பைலர் தன்னையே மொழிமாற்றும்போதெல்லாம் அதையும் சேர்க்கும்படி செய்துவிட்டால், மூல நிரலில் அந்த வரிகளை அழித்த பிறகும் திருட்டுவழி தொடரும். மூல நிரலைப் படித்துப் பார்த்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது.

பைத்தான் கம்பைலர் மொழியா, இன்டர்பிரட்டர் மொழியா?

இரண்டும். நாம் வழக்கமாக நிறுவும் பைத்தான், முதலில் நிரலை பைட்கோடாக, அதாவது எந்த பிராசசருக்கும் உரியதல்லாத ஓர் இடைநிலைக் கட்டளை வரிசையாக, மாற்றுகிறது. பிறகு சி-யில் எழுதப்பட்ட ஒரு நிரல் அந்த பைட்கோடை ஒவ்வொன்றாகப் படித்துச் செயல்படுத்துகிறது. ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் இரண்டிலும் அடிக்கடி ஓடும் பகுதிகளை ஓட்டத்தின் நடுவிலேயே இயந்திர மொழியாக்கிவிடுகிறார்கள். அதனால் இந்தப் பாகுபாடு மொழிக்கு உரியதல்ல, அதைச் செயல்படுத்தும் மென்பொருளுக்கு உரியது.

தேர்வில் கேட்கும் "ஐந்து தலைமுறைகள்"?

இயந்திர மொழி முதல், அசெம்பிளி இரண்டு, ஃபோர்ட்ரானிலிருந்து ஜாவா வரை மூன்று, எஸ்கியூஎல் போன்றவை நான்கு, புரோலாக் போன்ற தர்க்க மொழிகள் ஐந்து. தேர்வுக்கு இது போதும். 1958-இன் லிஸ்ப்பும் 1972-இன் சி-யும் ஒரே பெட்டியில் விழும் பாகுபாட்டால் வேறு பயன் எனக்குத் தெரியவில்லை.

இந்தியாவுக்கு இவை எப்போது வந்தன?

கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு 1955-இல் ஹெச்இசி-2எம் வந்தது. அதில் நிரல் இயந்திர மொழியில்தான். 1963-இல் கான்பூர் ஐஐடிக்கு ஐபிஎம் 1620 வந்தபோது ஃபோர்ட்ரானும் கூடவே வந்தது. அங்கே வை. ராஜாராமன் போன்றோர் மாணவர்களுக்கும் வெளியிலிருந்து வந்த பொறியாளர்களுக்கும் அதைக் கற்றுக்கொடுத்தார்கள். அவர்களுக்கு உயர்நிலை மொழி கிடைத்திராவிட்டால், சில வாரப் பயிற்சியில் நிரல் எழுதப் பழகியிருக்க முடியாது.

தமிழில் நிரலாக்க மொழி உண்டா?

உண்டு. எழில் அவற்றில் தெரிந்த ஒன்று. பைத்தானின் மேல் அமைந்தது, மாணவர்களுக்கானது. திரையில் காட்ட "பதிப்பி". நிபந்தனையை முதலில் எழுதிவிட்டு "ஆனால்" என்று முடிக்க வேண்டும். தமிழ் வாக்கியத்தின் வரிசையே இலக்கணமாகியிருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. கம்பைலருக்கு எந்த வரிசையும் சம்மதமே, இலக்கணம் குழப்பமில்லாமல் இருந்தால் போதும்.

இப்போது சாதாரணப் பேச்சில் சொன்னாலே ஏஐ நிரல் எழுதித் தருகிறது. இதுதான் அடுத்த படியா?

பயனுள்ள கருவி, ஆனால் வேறு வகையானது. கம்பைலருக்குக் கொடுக்கும் வரிக்கு வரையறுத்த பொருள் உண்டு. தவறான இயந்திரக் கட்டளை வந்தால் அது கம்பைலரின் பிழை என்று நிரூபிக்கலாம். பேச்சு மொழியில் கேட்டதற்கு அப்படி ஒரு வரையறை இல்லை. அதனால் ஏஐ தந்த நிரலை யாராவது படித்துச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. சி கம்பைலர் வெளியிடும் அசெம்பிளியை அன்றாடம் யாரும் அப்படிச் சரிபார்ப்பதில்லை.

இன்றும் அசெம்பிளி கற்க வேண்டுமா?

எழுத வேண்டிய தேவை குறைவு. ஆபரேட்டிங் சிஸ்டம் தொடங்கும் முதல் சில படிகள், குறியாக்க நூலகங்கள், வீடியோவை விரிக்கும் மென்பொருள்கள் ஆகியவற்றில் இன்னும் கையால் எழுதுகிறார்கள். ஆனால் படிக்கத் தெரிந்திருப்பது நல்லது. கம்பைலர் எக்ஸ்ப்ளோரர் என்ற இலவச இணையதளத்தில், இடப்பக்கம் சி நிரலை எழுதினால் வலப்பக்கம் அசெம்பிளி வரும். குறியில்லா 32 பிட் எண் ஒன்றை 10-ஆல் வகுக்கும் சிறு சார்பை எழுதி, ஆப்டிமைசேஷனை இயக்கிப் பாருங்கள். இன்டெல் வகைக்கு வகுத்தல் கட்டளையே வராது. எண்ணை 3435973837-ஆல் பெருக்கி, விடையை 35 பிட் வலப்பக்கம் நகர்த்தியிருக்கும். 2-இன் 35-ஆம் அடுக்கைப் பத்தால் வகுத்து மேல்நோக்கி முழுமையாக்கினால் அந்த எண் கிடைக்கும். வகுத்தல் மெதுவான கட்டளை, பெருக்கல் வேகமானது என்பதால் கம்பைலர் இப்படி மாற்றுகிறது. 10-க்குப் பதில் 8 போட்டுப் பாருங்கள், வெறும் 3 பிட் நகர்த்தல் வரும். 7 போட்டால் கொஞ்சம் நீளும், ஏன் நீளுகிறது என்று தாளில் போட்டுப் பார்ப்பது நல்ல பயிற்சி.